ஐந்தாவது ஓட்டை

— அந்த வட்ட வயர்ப்பெட்டியத் திருப்பி பேக்குக்குள்ள வைங்க, நௌஷாட் நானா. அது எனக்கு வேணாம்.

— ஏன் புள்ள? நல்ல சாமான். ஏறாவூர்ல பாதி வீட்டுக்கு நான் இதத்தான் பூட்டியிரிக்கன்.

— வீட்டுக்குப் பூட்டுங்க. இஞ்ச வீடா இருக்கு? மூண்டு பக்கம் றால் குளம், மற்றப் பக்கம் ஆறு, மேலால உப்புக்காத்து. மூடியக் கழட்டிப் பாத்தன், உள்ளுக்கு ஒரு றப்பர் பட்டிகூட இல்ல.

— நான் வந்து பத்து நிமிசம் ஆகல்ல. அதுக்குள்ள என்ட பேக்கையும் கிண்டி முடிச்சிட்டீங்க.

— வானத்தப் பாருங்க. அங்கால ஆறு முழுக்கக் கறுத்துப்போச்சு. நாலு மணிக்குள்ள காத்து மெசின் ரெண்டும் சுத்த வேணும். விடிய வந்து பாத்தன், றால் எல்லாம் மேல வந்து விளிம்போட ஒட்டிக் கிடக்கு. தண்ணியில காத்தில்ல. இண்டைக்கு இரவும் மெசின் சுத்தாட்டி நாளைக்கு அள்ளிப் புதைக்கிறதுதான் வேலை.

— அதத்தான் நானும் செல்லுறன், சுறுக்கா முடிப்பம் எண்டு. இந்தா, இந்தச் சாம்பல் பெட்டி. றப்பரும் இரிக்கி, ஐ.பி. அறுபத்தஞ்சு எண்டு அடிச்சும் இரிக்கி. மழைக்குத் தாராளமாக் காணும்.

— அதில ஆறெண்ட இலக்கம் தூசிக்கு. அஞ்சுதான் தண்ணிக்கு. அஞ்செண்டா பீச்சியடிக்கிற தண்ணி. முழுக்கத் தண்ணிக்குள்ள தாண்டு போனா?

— அல்லாஹ்வே. ஆர் புள்ள உங்களுக்கு இதெல்லாம் படிப்பிச்ச?

— ஆரும் படிப்பிக்கல்ல. பத்து மாசமா நித்திரை வாறல்ல. கையில போன் இருக்கு. வீடியோ வீடியோவாப் பாத்தன். சரி, அது கிடக்கட்டும். சொல்லுங்க, போன முறை மாதிரி முகத்துவாரத்து மணல வெட்டிக் கடலுக்கு விடப் பிந்தி, ஆறு பெருகி வரம்புக்கு மேல ஏறினா, இந்தச் சாம்பல் பெட்டி தாங்குமா?

— தாங்காது. அதுக்கு அறுபத்தேழு வேணும். தண்ணிக்குள்ள ஒரு முழம் தாண்டாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனா என்ட கைவசம் இல்ல.

— என்ட கைவசம் இருக்கு. இந்தாங்க.

— ஓ. கண்ணாடி மூடியோட. எங்க எடுத்த?

— கொழும்பில இருந்து எடுப்பிச்சன். உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு வெளியால நிண்டு எனக்குத் தெரிய வேணும். ஒரு சொட்டுத் தண்ணி நிண்டாலும் காண வேணும்.

— சாமான் நல்லம். மெய்தான், மிச்சம் நல்லம். சரி, எல்லாம் நீங்களே தெரிவு செஞ்சி வச்சிட்டு என்ன ஏன் கூப்பிட்ட? பக்கத்தில ஆள் இல்லையா? ஆர் என்ட நம்பரத் தந்த?

— எழுதிக் கிடந்திச்சு. எடுத்தன்.

— எங்க?

— மறுகா சொல்லுறன். முதல்ல வேலையப் பாருங்க.

— மெயின் ஓஃபா?

— ஓஃப். போர்டுப் பெட்டியப் பூட்டித் திறப்பும் என்ட இடுப்புல இருக்கு.

— நல்லம். கொஞ்சம் நில்லுங்க, போன் அடிக்கி. அலோ… றமீஸா… அலோ… கேக்குதில்ல…

— இஞ்ச நிண்டு கேக்காது நானா. சிக்னல் காணாது. அந்தக் கண்டல் மரத்து மூலைக்குப் போனாத்தான் கேக்கும். முழுக் குளத்துக்கும் அது ஒரு இடந்தான்.

— வேணாம், வேணாம். பொஞ்சாதிதான். மழைக்கு முந்தி வா எண்டுவா. நானும் அசர் தொழுகைக்கு முந்திப் போகத்தான் வேணும். கதைச்சி நிண்டா வேல முடியாது. தூண் எது, இதுதானே?

— அதுதான்.

— கேபிள் தென்னையடியால வந்து இந்தக் கல்லுக்குக் கீழ மேல வரும், என்ன? மண்வெட்டியத் தாங்க.

— …இந்தாங்க.

— பாருங்க, இரிக்கி. கேபிள் பழுதில்ல. மேல்தோல் நல்லா இரிக்கி. இதையே பாவிக்கலாம். நுனிய மட்டும் வெட்டி எறிவம், செம்பு பச்ச பிடிச்சிட்டு.

— சரி. இப்ப உயரம். எவடத்தில பூட்டுறீங்க?

— நெஞ்சு மட்டத்துக்கு. இந்தா, இவடத்தில.

— அவடத்தில வேணாம். அதுக்கு மேல. இந்தக் கறுப்புக் கோடு தெரியுதா? போன வெள்ளம் நிண்ட அடையாளம். அதுக்கு ரெண்டு சாண் மேல வையுங்க.

— அப்பிடி வச்சா உங்களுக்கு எட்டாது புள்ள. நிதுர்ஷன் தம்பி நல்ல வளத்தி, அவருக்கெண்டா சரி. நீங்க பலகையப் போட்டு ஏற வேணும்.

— ஏறுறன். ரெண்டு சாண்.

— சரி. ஏன் என்ன அப்பிடிப் பாக்குறீங்க?

— ஒண்டுமில்ல. வேலையப் பாருங்க. நாய் குலைக்கல்ல எண்டு யோசிச்சன்.

— நாயா? அது நல்ல நாய்போல.

— நல்ல நாயா? மீன்காரன் பக்கீரின்ர காலில பல்லுத் தழும்பு இன்னும் கிடக்கு. தெரியாத ஆள் படலைக்குள்ள கால வச்சா விடாது. உங்களக் கண்டோன வாலாட்டிக்கொண்டு வந்திச்சு. சரி, அது கிடக்கட்டும். இந்த ஸ்குரூ எல்லாம் துருப்பிடிக்காததா?

— எவர்சில்வர். நம்பாட்டிக் காந்தம் பிடிச்சிப் பாருங்க.

— நம்புறன். ஏன் பெட்டிக்கு உள்ளால ஓட்டை போட்டுத் தூணில இறுக்கல்ல?

— உள்ளால போட்டா அந்த ஓட்டையாலயே தண்ணி போகும். இது வெளிக்காது வச்ச பெட்டி. காதில மட்டுந்தான் இறுக்குவன். விளங்கிச்சா?

— விளங்கிச்சு. இனி கேபிளுக்கு ஓட்டை. எத்தின?

— நாலு. ஒண்டு கரண்ட் வர. ரெண்டு மெசினுக்கு. ஒண்டு தண்ணி பம்புக்கு. நாலும் கீழ்ப்பக்கத்தில.

— கீழதானா?

— கீழ மட்டுந்தான். கேபிள் ஒவ்வொண்டையும் பெட்டிக்குக் கீழ ஒரு வளையம் தொங்க விட்டுட்டுத்தான் மேல ஏத்தி உள்ளுக்கு விடுவன். மழத்தண்ணி கேபிளோட ஓடி வந்தாலும் வளையத்தில சொட்டிப் போகும், பெட்டிக்குள்ள ஏறாது.

— மேலால ஓட்டை போட்டா?

— ஆரும் போட மாட்டான்.

— போட்டா எண்டு கேக்கிறன்.

— தண்ணி நேரா உள்ளுக்கு. எவ்வளவு காசு குடுத்து வாங்கின பெட்டியெண்டாலும் பிறகு அது ஒரு கிண்ணம். உள்ளுக்குத் தண்ணி நிண்டு, வயர் முடிச்சில பட்டு, கரண்ட் மெசின்ட இரும்புக்கு வரும். இரும்பு குளத்துக்குள்ள இரிக்கி. இறங்கிற மனிசன்…

— இறங்கிற மனிசன்?

— உங்களுக்குத் தெரியாததா புள்ள? என்னத்துக்கு என்ட வாயால கேக்குறீங்க?

— உங்கட வாயாலதான் கேக்க வேணும். மேலால ஓட்டை போடுறவன் ஆர்?

— கொலகாரன். போதுமா? ட்றில்லத் தாங்க.

— இந்தாங்க. கோவிக்காதீங்க நானா. இனிமேல் மெசினுக்குள்ள பாசி சிக்கினா குளத்துக்குள்ள இறங்கி எடுக்கிற ஆள் நான்தான். ஆர்த்திகாக்குப் பத்து வயசு. கல்லடியில அக்கா வீட்டுல இருந்து படிக்கிறா. அப்பா இல்ல. அம்மாவும் இந்தத் தண்ணிக்குள்ள விழுந்தா அந்தப் பிள்ளைக்கு ஆர் இருக்கு? அதான் குடைஞ்சு குடைஞ்சு கேக்கிறன். எனக்கே என்னப் பாக்க விசர்க்கோலமாத்தான் தெரியுது.

— கேளுங்க. கேக்கிறது பிழையில்ல. நீங்க கேக்கிற மாதிரி எல்லாரும் கேட்டா…

— கேட்டா?

— ஒண்டுமில்ல. கேபிளக் கவ்விப் பிடிக்கிற கிளாண்ட் நாலையும் எடுத்துத் தாங்க. அந்தப் பெருசு வேணாம். கேபிள் மொத்தத்துக்கும் கிளாண்டுக்கும் சரியா வரணும். சில ஆக்கள் மெல்லிய கேபிளுக்கு டேப்பச் சுத்தி மொத்தமாக்கிப் பெரிய கிளாண்டுக்குள்ள திணிப்பானுகள். வெயிலுக்கு டேப் இளகும், மழைக்குத் தண்ணி நுழையும்.

— நீங்க அப்பிடிச் செய்யிறதில்லையா?

— ஒரு நாளும் இல்ல.

— சிலிக்கன் பூசிறதில்லையா? முழுக்கப் பூசி அடைச்சா நல்லந்தானே எண்டு பம்பு பழுது பாக்கிறவன் ஒருத்தன் சொன்னான்.

— அது வேல தெரியாதவன் செய்யிறது. றப்பரும் கிளாண்டும் சரியெண்டா சிலிக்கன் என்னத்துக்கு? பூசிப்போட்டா நாளைக்கு மூடியத் திறந்து பாக்கவும் ஏலா. ஆ, மழ தூறுது.

— தூறல்ல. தென்னோலையில இருந்த பனி விழுகுது.

— பகல் ரெண்டரைக்குப் பனியா? மழதான் புள்ள. குடையப் பிடிங்க பெட்டிக்கு மேல. எனக்கில்ல, பெட்டிக்கு!

— பிடிக்கிறன். அதே ஸ்குரூவ ரெண்டாந்தரமும் கீழ விட்டுட்டீங்க.

— சீனி வருத்தம். மத்தியானம் சாப்பிடல்ல.

— தேத்தண்ணி வைக்கட்டா?

— வேணாம், வேணாம். முடிச்சிட்டுப் போயிருவன். இந்தா, கனெக்டரில வயரெல்லாம் இறுக்கிட்டன். இழுத்துப் பாருங்க. எர்த் வயர் இது, பச்ச. ரெண்டு மெசின்ட இரும்புக்கும் போகுது. போர்டில புது ட்ரிப் சுவிட்ச் இரிக்கா?

— இருக்கு. காலையில நானே பட்டன அமத்திப் பாத்தன். டக்கெண்டு விழுந்திச்சு.

— அல்ஹம்துலில்லாஹ். அது முக்கியம். பெட்டி பிழைச்சாலும் ட்ரிப் கரண்ட வெட்டிக் காப்பாத்தும். அது விழுந்தா ஏதோ பிழையிரிக்கி எண்டு அர்த்தம். என்ன நடந்தாலும் அதக் கழட்டிட்டுக் கரண்ட நேராக் குடுத்திராதீங்க. ஆர் செல்லினாலும் குடுத்திராதீங்க. நான் செல்லினாலும்.

— நீங்க ஏன் சொல்லப் போறீங்க?

— ஒரு கதைக்குச் செல்லுறன். மூடியத் தாங்க. றப்பர் பள்ளத்துக்குள்ள சரியா இருந்திச்சா? மண் ஒட்டல்லையே?

— துடைச்சிட்டன். இந்தாங்க.

— நாலு ஸ்குரூவையும் குறுக்குக்குக் குறுக்கா இறுக்கணும். ஒரு பக்கத்த முதல்ல இறுக்கினா மற்றப் பக்கம் வாயப் பிளக்கும். இந்தா, ஒண்டு… ரெண்டு…

— நில்லுங்க. மூடிக்குள்ள ஒண்டும் எழுதல்லையா?

— என்னத்த எழுதுற?

— நம்பர்.

— கண்ணாடி மூடி புள்ள. எழுதினா வெளியால தெரியும், வடிவில்ல.

— மூடி கண்ணாடியில்லாட்டி எழுதியிருப்பீங்களா?

— விளங்கல்ல.

— உங்கட நம்பர ஆர் தந்த எண்டு கேட்டீங்களே நானா. அந்தப் பலகைக்குக் கீழ ஒரு சீலைப் பை இருக்கு. எடுத்து அவுத்துப் பாருங்க.

— மழ வருகுது, பொறவு…

— இப்ப அவுங்க.

— அவுக்கிறன்… இது பழைய பெட்டியெல்லோ.

— பழைய பெட்டிதான். பொலிஸ் மூண்டு மாசம் வச்சிருந்திட்டுத் திருப்பித் தந்தாங்க. மாமி எறியச் சொன்னா. நான் எறியல்ல. மூடியத் திருப்புங்க. உள்பக்கம் கறுப்புப் பேனையால என்ன எழுதியிருக்கு? வாசிங்க.

— என்ட நம்பர்.

— அதுக்குக் கீழ?

— நௌஷாட், ஏறாவூர். பூட்டின திகதி. …பூட்டுற எல்லாப் பெட்டியிலயும் எழுதுவன். பிழையெண்டா கூப்பிடட்டும் எண்டு.

— பிழையெண்டுதான் கூப்பிட்டன்.

— வந்த நேரமே எனக்கு நெஞ்சுக்குள்ள பட்ட. உங்களுக்குத் தெரியும் எண்டு பட்ட.

— தெரிஞ்சும் புது ஆள் மாதிரி நிண்டீங்க. தூண் எதெண்டு கேட்டீங்க. மறுகா கேபிள் எங்கால வருகுதெண்டு நீங்களே சொல்லுறீங்க. அவடத்தில முழங்கால் உயரத்துக்குப் புல்லு, ஆருக்குத் தெரியும்? நிதுர்ஷன் எண்ட எங்கட இவர்ர பேர நான் சொல்லவேயில்ல. வளத்தியெண்டும் சொல்லல்ல. நாய்க்கும் உங்களத் தெரியுது. உங்களுக்கு மட்டும் எங்களத் தெரியல்ல.

— செல்லத்தான் நினைச்ச. வாயில வரல்ல. நீங்க அப்ப இஞ்ச இல்ல…

— நான் குவைத்துல ஏழு வருசம் கிடந்தன், ஊரான்ர வீட்டுல. அனுப்பின உழைப்பெல்லாம் சேர்த்துத்தான் இவர் இந்தக் குளத்த வெட்டினார். அடுத்த சித்திரைக்கு வந்திரு பிரஷாந்தி, இனிப் போகத் தேவையில்ல எண்டார். நான் மார்கழியிலயே வந்தன், செத்த வீட்டுக்கு. முகத்தையும் பாக்க விடல்ல, மூடிப்போட்டாங்க. கடைசி ஒரு மாசம் போன்ல பாத்த முகந்தான் எனக்கு மிச்சம். அந்த மாசம் மட்டும் நல்ல வெளிச்சமாத் தெரிஞ்சார், ஒவ்வொரு பல்லும் தெரிஞ்சிச்சு.

— புள்ள…

— இப்ப அந்தப் பெட்டியத் தலைகீழாப் பிடிங்க. கீழ எத்தின ஓட்டை?

— நாலு.

— மேல?

— …ஒண்டு.

— உங்கட வாயாலதான் சொன்னீங்க, மேலால ஓட்டை போடுறவன் ஆரெண்டு. ஒரு மணித்தியாலம் ஆகல்ல. இண்டைக்கு நாலு ஓட்டையும் கீழ போட்ட கை, அண்டைக்கு ஏன் அஞ்சாவத மேல போட்டிச்சு? அவசரமா? சோம்பலா? பாக்கிறதுக்கு ஆள் இல்லையெண்டா?

— அது நான் போட்டதில்ல.

— மூடியில பேர் உங்கட.

— வல்லாஹி, நான் போட்டதில்ல. நில்லுங்க. போன எடுக்கன். மூடிய இறுக்க முந்தி எல்லாப் பெட்டியையும் நான் படம் எடுப்பன். நாளைக்கு ஆரும் வந்து ஏதும் செல்லினா காட்ட வேணும் எண்டுதான். கொஞ்சம் பொறுங்க… கை ஈரம், தள்ளுதில்ல… இந்தா. இதுதான். திகதியப் பாருங்க, மூடியில உள்ள அதே திகதி.

— குடையப் பிடிங்க. எனக்குத் தெரியல்ல.

— பெரிசாக்கிப் பாருங்க. இது கீழ்ப்பக்கம், நாலு கிளாண்ட். இது மேல்பக்கம். ஒரு கீறலும் இல்ல. பின்னால நிக்கிறது நிதுர்ஷன் தம்பிட கை, டோர்ச்சப் பிடிச்சிக்கொண்டு நிக்கார்.

— ஓம். அவர்ர கைதான். அந்த நகம் கறுத்த விரல்.

— இப்ப இந்தப் பழைய ஓட்டையப் பாருங்க. ட்றில்லால போட்ட வட்டமா இது? கத்தியச் சூடாக்கிக் குத்தின ஓட்ட. விளிம்பு உருகிக் கிடக்கு. கிளாண்டும் இல்ல. டேப்பச் சுத்தி ஒரு மெல்லிய வயரத் திணிச்சிரிக்கி. இது மின்சார வேல தெரிஞ்சவன்ட கையில்ல.

— அப்ப உங்கள்ல பிழையில்ல. ஏழு மாசம் உங்கட நம்பரத் தலகாணிக்குக் கீழ வச்சிட்டுப் படுத்தன். ஒருக்கா அந்த ஆளக் கொண்டு வந்து இந்தத் தூணடியில நிப்பாட்டிக் கேக்க வேணும் எண்டு. இப்ப பாத்தா உங்கள்ல பிழையில்ல.

— இரிக்கி.

— என்ன?

— என்ட பிழையும் இரிக்கி. அது படத்தில இல்ல. ஆருக்கும் செல்லல்ல. பொலிசுக்கும் செல்லல்ல, றமீஸாக்கும் செல்லல்ல.

— சொல்லுங்க.

— அண்டைக்கு வியாழக்கிழம. மகரிபு தொழுதிட்டு வாறன், தம்பி போன் எடுக்கார். நல்ல மழ. நானா, ட்ரிப் சுவிட்ச் நிக்குதில்ல, தூக்கத் தூக்க விழுகுது, மெசின் ரெண்டும் நிண்டு போச்சு, றால் சாகுது, ஒருக்கா வாங்க எண்டார். எனக்கு அந்த மழைக்குள்ள சைக்கிள எடுக்க மனம் வரல்ல புள்ள. வேற ஒரு காரணமும் இல்ல. நனையச் சோம்பல்.

— அதுக்கு?

— இண்டைக்கு ஒரு இரவுக்கு மட்டும் ட்ரிப்பக் கழட்டிட்டு நேராக் குடுங்க தம்பி, நாளைக்கு ஜும்மாத் தொழுகை முடிஞ்சு வந்து பாக்கன் எண்டன்.

— நீங்க சொன்னீங்களா?

— நான்தான் செல்லின. வெள்ளிக்கிழம விடிய, ஜும்மாக்கு முந்தியே கத வந்திட்டு. பாசி எடுக்க இறங்கினவர் மௌத்தெண்டு. வந்த நான். படலைக்கு வெளிய கொஞ்ச நேரம் நிண்டன். உள்ளுக்கு வரப் பயம். போயிட்டன்.

— தன்ர கவனயீனத்தால செத்தார் எண்டு எழுதிப்போட்டாங்க நானா. ட்ரிப்பக் கழட்டினவர் அவரே, ஆரில குத்தம் சொல்லுற எண்டு கேட்டாங்க. மாமி எனக்கு முன்னாலயே சொல்லுவா, என்ட மகனுக்கு அறிவு கெட்டுப்போச்சு எண்டு. லீவுக்கு வாற பிள்ளையும் கேட்டுக்கொண்டிருப்பா. அவருக்கு அறிவு கெடல்ல. தெரிஞ்ச ஆளக் கேட்டுத்தான் செஞ்சிருக்கார். நீங்க ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா!

— ஏசுங்க. அடிக்க வேணுமெண்டாலும் அடிங்க. மாமியிட்ட வந்து செல்லச் சொன்னா இண்டைக்கே வந்து செல்லுறன். பொலிசில செல்லச் சொன்னாலும் செல்லுறன். நீங்க தெரியாத நம்பரில போன் எடுத்து, றால் குளம், தூண், பெட்டி எண்டோனயே நான் மாட்டன் எண்டிருக்கலாம். வந்தது ஏன் தெரியுமா? இந்தப் பெட்டியையாவது ஒழுங்காப் பூட்டிட்டுப் போகத்தான்.

— மாமியிட்ட வருவீங்க. ஆர்த்திகாக்கு முன்னால சொல்லுவீங்க. அப்பா அறிவு கெட்டவர் இல்ல எண்டு.

— வருவன். நிச்சயமா வருவன்.

— மழை பெருக்குது. மிச்ச ரெண்டு ஸ்குரூவையும் இறுக்குங்க.

— இறுக்குறன். ஒண்டு மட்டும் கேக்கன் புள்ள. எனக்கும் பத்து மாசமா இது விளங்கல்ல. அந்த ட்ரிப் சும்மா விழல்ல. உள்ளுக்குத் தண்ணி போனபடியாத்தான் விழுந்த. தண்ணி போனது இந்த மேல் ஓட்டையால. இதில கிடக்கிறது லைட்டு வயர், சும்மா ஒரு பல்புக்கு இழுக்கிற வயர். அந்த மாசம் தன்னாமுனைப் பக்கம் போகக்குள்ள றோட்டால கண்டன், இந்தக் குளத்தில ஒரு லைட் எரிஞ்சுகொண்டு நிண்ட. நான் போடாத லைட். இறங்கிக் கேட்டிருக்கணும், கேக்கல்ல.

— மூடிய இறுக்குங்க நானா.

— றாலுக்கு லைட் தேவையில்ல. காவலுக்கெண்டா அந்தக் குடிசை வாடியடியில ஒண்டு இரிக்கி, நான்தான் போட்டுக் குடுத்த. ஒரு மெசினும் இல்லாத, ஒரு மனிசனும் போகாத இடத்துக்கு, அவ்வளவு பயந்து பயந்து வேல செய்யிற ஆள், என்னையும் கூப்பிடாம, கத்தியச் சூடாக்கி ஓட்டை போட்டு லைட் இழுக்கார் எண்டா, என்னத்துக்கு? ஆருக்கு அப்பிடியென்ன அவசரம்?

— லைட் எந்த மூலையில எரிஞ்ச?

— அந்தா, அந்தக் கண்டல் மரத்து மூலையில.

— போன் கேக்கிற அந்த மூலையில.

— என்ன புள்ள? ஏன் இருந்திட்டீங்க? மழைக்குள்ள இருக்காதீங்க, எழும்புங்க.

— குவைத்துல வேலையெல்லாம் முடிச்சு நான் போன் எடுக்கிற நேரம் இஞ்ச நல்லா இருட்டிப்போயிருக்கும் நானா. குரல் மட்டும் வரும், ஆளத் தெரியாது. மூண்டு நாள் கோவிச்சுக்கொண்டு அவரோட கதைக்காமக் கிடந்தன். உங்கட முகம் தெரியுதில்ல, அந்த மூலையில ஒரு லைட்டப் போட்டிட்டுக் கதையுங்க எண்டு நான்தான் சொன்னன்.